என் கை உயர்ந்த பக்கம்

கனடாவின் பிரெஞ்சு மாகாணத்தில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில், என் அண்ணை வீட்டுப் புல்தரையில் ஒவ்வொரு தேர்தலுக்கும் வலதுசாரிக் கட்சியின் நீலப் பலகை ஒன்று நடப்படும். அந்தத் தெருவில் மற்ற வீடுகளில் பெரும்பாலும் சிவப்புப் பலகைதான். பக்கத்து வீட்டுக் கிரேக்கர், "உன் ஒரு வாக்கை வைத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று சிரிப்பார். அண்ணை சிரிக்கமாட்டார். "ஒண்டில்லை, ரெண்டு. என்ர தங்கச்சியும் இருக்கிறாள்" என்பார்.

அது உண்மை. நாங்கள் இருவரும் ஒரே கட்சிக்குத்தான் வாக்களித்தோம். குடும்பம் குலையக்கூடாது, பிள்ளைகள் பெரியவர்களுக்கு அடங்கி வளரவேண்டும், உழைத்துச் சாப்பிடவேண்டும், எதற்கெடுத்தாலும் அரசாங்கத்திடம் கை நீட்டக்கூடாது என்பதில் எங்களுக்குள் ஒரு பிணக்கும் இருந்ததில்லை. ஒரே தகப்பனுக்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே கோயிலுக்குப் போகிற இருவர் வேறு எப்படி நினைப்பார்கள் என்று நான் இருந்துவிட்டேன்.

நான் கனடாவுக்கு வந்தது கல்யாணம் கட்டி. கணவர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் வீடு. வந்த ஆறாம் மாதமே விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற ஒரு சமையற்கூடத்தில் எனக்கும் வேலை கிடைத்தது. முதல் நாள் காலையில், தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு நின்ற என்னை மேற்பார்வைக்காரி ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டாள். கழுத்தைக் காட்டினாள், கையைக் காட்டினாள், நெற்றியைக் காட்டினாள். நகை ஒன்றும் கூடாது. நெற்றியில் ஒட்டியிருப்பது சாப்பாட்டுக்குள் விழும். கல் வைக்காத கல்யாண மோதிரம் ஒன்று மட்டும் போடலாம்.

எனக்குக் கல்யாண மோதிரம் கிடையாது. தாலிக்கொடிதான் இருந்தது.

கழிப்பறைக்குப் போய்க் கொடியைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்து ஊசி குத்தினேன். கட்டி ஏழு மாதமாகாத தாலி. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் நானூறு தட்டுகளுக்குத் தக்காளித் துண்டு அடுக்கினேன்.

அண்ணைக்குத்தான் பொறுக்கவில்லை. கேள்விப்பட்ட அன்றே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அவையின்ர மோதிரம் இருக்கலாம், எங்கட தாலி இருக்கக்கூடாதோ? நீ கேட்கேல்லையோ?"

"கேட்டு என்ன செய்யிறது அண்ணை? சட்டம் எண்டா சட்டம்தானே."

"கழுத்தில கிடக்கிறதில அவைக்கு என்ன வேலை?"

"சாப்பாட்டுக்குள்ள விழுந்தா?"

அவர் தேத்தண்ணி குடிக்காமல் போனார். நான் அழுததை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நாளடைவில் அந்த அழுகை எனக்கே மறந்துபோனது. நான் எவ்வளவு இலகுவாக இந்த நாட்டுக்குப் பழகிக்கொண்டேன் என்ற பெருமை மட்டும் மிஞ்சியது.

எங்களுக்கு நெடுங்காலம் பிள்ளையில்லை. நாற்பது வயதை நெருங்கியபோதுதான் மகள் பிறந்தாள். அவள் பேசத் தாமதமானாள். வீட்டில் தமிழ், தெருவில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம், குழம்பிவிட்டது பிள்ளை என்றார்கள். முதலாம் வகுப்புக்குப் போன பிறகும் வகுப்பில் சொல்வதைக் கேளாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மந்தமான பிள்ளை என்று நானும் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். தாய் அப்படி நினைக்கலாமா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது நினைத்தேன்.

அந்த வருடம் நடுவில், பிரசவ விடுமுறையில் போன ஆசிரியைக்குப் பதிலாக ஒருத்தி வந்தாள். அல்ஜீரியாக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். முகம் முழுக்கத் தெரியும்படி கழுத்தையும் தலைமுடியையும் மூடி முக்காடு கட்டுவாள், பெரும்பாலும் சாம்பல் நிறம். வந்த மூன்றாம் வாரம் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தாள். சிறுவர்களின் சின்னக் கதிரையில் என்னை இருத்தி, தானும் ஒன்றில் இருந்துகொண்டு சொன்னாள்: "மேடம், உங்கள் மகள் மந்தமில்லை. அவளுக்கு இடது காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நான் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. வலப்பக்கம் நின்றால் கிசுகிசுத்தாலும் திரும்புகிறாள்."

ஆறு வருடம் என் மடியில் வளர்ந்த பிள்ளை. எனக்குத் தெரியவில்லை, மூன்று வாரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மருத்துவரிடம் போனோம். அவள் சொன்னதுதான் சரி. மகளை வகுப்பில் இடம் மாற்றி இருத்தினாள். மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடம் தனியாக வாசிப்புச் சொல்லிக்கொடுத்தாள். கோடை விடுமுறைக்குப் பாடசாலை மூடுவதற்குள் மகள் ஒரு வாத்துக் குஞ்சுக் கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பிரெஞ்சில் எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்த ஆசிரியைதான் என்னைப் பள்ளிக்கூட நிர்வாகசபைக்குப் போகச் சொன்னதும். பெற்றோர் சார்பில் ஆள் தேவை, உங்களைப்போல வேலைக்குப் போகிற தாய்மார் வரவேண்டும் என்றாள். என் பிரெஞ்சு சமையற்கூடப் பிரெஞ்சு என்றேன். "அதுதான் வேண்டும்" என்று சிரித்தாள். அடுத்த வருடம் நான் சபையில் ஒருத்தியானேன். அவளும் வேறொரு வகுப்புக்குப் பதிலாளாகத் தொடர்ந்தாள். நிரந்தர நியமனம் இன்னும் வரவில்லை.

பிறகு எங்கள் மாகாணத்தில் அந்தச் சட்டம் வந்தது. அரச பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள் மதச் சின்னம் எதையும் அணியக்கூடாது. முன்பே நியமனத்தில் இருந்தவர்கள் அதே வேலையில் இருக்கும்வரை அணியலாம். புதிதாக ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு முடியாது. எங்கள் ஆசிரியையின் ஒப்பந்தம் வருடா வருடம் எழுதுகிற ஒப்பந்தம்.

எங்கள் ஆட்கள் பலருக்கு அது தங்களைத் தொடாத சட்டமாக இருந்தது. கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, "அது முஸ்லிம் ஆக்களுக்குத்தானே" என்றுதான் கதைத்தார்கள். எனக்குள்ளும் அந்த எண்ணம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னது, சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயிலிலிருந்து நேரே அண்ணை வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணையின் மனைவி, என் மச்சாள், இடியப்பமும் சொதியும் வைத்தாள். அண்ணை நெற்றியில் மூன்று குறி திருநீற்றோடு சாப்பிட உட்கார்ந்தார். முஸ்லிம்களைப் பற்றி அவர் நல்லதாகக் கதைத்து நான் கேட்டதில்லை. ஆகவே இதில் என்னோடுதான் நிற்பார் என்று நினைத்துக்கொண்டு கதையைத் தொடக்கினேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சிலர் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறார்கள், அந்த ஆசிரியையை வைத்திருக்க வேண்டும் என்று சபையில் வாக்கெடுக்கப் போகிறார்கள் என்றேன்.

"நீ என்ன சொல்லப் போறாய்?"

"எதிராத்தான். இந்த நாட்டுச் சனம் வாக்குப் போட்டு வந்த அரசாங்கம். நாங்கள் வந்து குடியேறின ஆக்கள். அவை போடுற சட்டத்தை மதிக்கத்தானே வேணும்?"

அண்ணை சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார். "ஐயாவின்ர வேலை எப்பிடிப் போனது எண்டு மறந்திட்டியோ?"

மறக்கவில்லை. ஐயா, எங்கள் தகப்பன், ஊரில் அரசாங்க எழுத்து வேலை பார்த்த இலிகிதர். சிங்களத்தில் சோதினை எழுதினால்தான் வேலை என்று சட்டம் வந்தபோது எழுதமாட்டேன் என்றார். அத்தோடு அவருடைய உத்தியோகம் முடிந்தது. பிறகு அம்மா ஊரில் தையல் தைத்து எங்களை வளர்த்தாள். நான் பிறந்தது அதற்குப் பிறகு. அண்ணைக்கு ஐயாவின் உத்தியோகக் காலம் ஞாபகம் இருந்தது, எனக்குத் தையல் மெசின் சத்தம் மட்டும்தான்.

"அதுவும் சனம் வாக்குப் போட்டு வந்த அரசாங்கம்தான்" என்றார் அண்ணை.

"ஐயா அந்தச் சோதினையை எழுதியிருந்தா அம்மா அந்தப் பாடு பட்டிருக்கமாட்டா. வீம்பு பிடிச்சு என்னத்தைக் கண்டார்?"

"எழுதியிருந்தா நான் அவரை மதிச்சிருக்கமாட்டன்."

"நீங்கள் மதிச்சியள். அம்மா தைச்சா."

மச்சாள் எழுந்து குசினிக்குள் போனாள். அண்ணையின் குரல் தாழ்ந்தது. கோபம் வந்தால் அவர் மெதுவாகத்தான் கதைப்பார்.

"பிள்ளை, எனக்கு அவையின்ர சமயத்தில ஒரு பிடிப்புமில்லை. அது உனக்குத் தெரியும். ஆனா கடவுளுக்கும் மனுசனுக்கும் இடையில அரசாங்கம் வந்து நிக்கக்கூடாது. இண்டைக்கு அவளின்ர தலை. நாளைக்கு என்ர நெத்தி."

"அப்ப ஆம்பிளையும் ஆம்பிளையும் கலியாணம் கட்டலாம் எண்டு சட்டம் வரேக்குள்ள கோயில் வாசல்ல நிண்டு அதுக்கு எதிராக் கையெழுத்து வாங்கினது ஆர்? அப்ப அரசாங்கம் நடுவில வந்து தடுக்கவேணும் எண்டுதானே கேட்டனீங்கள்?"

"அது வேற."

"எப்பிடி வேற?"

அவர் கை கழுவ எழுந்துபோனார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் அந்த மனிதர்களின் உரிமையைப் பற்றி எனக்கும் அக்கறை இருக்கவில்லை. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருந்தது. அண்ணையை மடக்க ஒரு கல் தேவைப்பட்டது, கையில் அகப்பட்டதை எடுத்து எறிந்தேன். திரும்பி வரும்போது காரில் கணவர், "அம்மாவை அதுக்குள்ள இழுத்திருக்கத் தேவையில்லை" என்று மட்டும் சொன்னார்.

சபைக்கூட்டம் பள்ளிக்கூட நூலகத்தில், மாலை ஏழு மணிக்கு. பொதுமக்களும் வந்து பின்னால் இருக்கலாம். பெரிய கதிரைகள் போதாமல் சிலர் நின்றார்கள். ஹெயிட்டிக்காரத் தகப்பன் ஒருவர் கடிதத்தை வாசித்தார். சாதுவான கடிதம்தான். இந்த ஆசிரியைகள் எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையானவர்கள், அவர்களை இழக்க நாங்கள் விரும்பவில்லை என்று எழுதியிருந்தது. கடிதம் போனாலும் சட்டம் மாறாது என்பது எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியை கருத்துச் சொல்ல விரும்புகிறவர்களைக் கேட்டார். சிலர் பேசினார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சிலர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கையைக் காட்டினேன்.

நான் பேசியது நான்கைந்து வசனம்தான். என் சமயத்தில் கல்யாணமான பெண் கழுத்தில் ஒன்றை அணிவாள், அது மோதிரத்தைவிடப் பெரிய விஷயம் என்றேன். வேலைக்குப் போன முதல் நாளே கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன் என்றேன். "எனக்காக ஒருவரும் கடிதம் எழுதவில்லை. எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வேலை வேலைதான், வீடு வீடுதான்" என்றேன். பிரெஞ்சில் நான் அவ்வளவு பிழையில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. மூன்று நாளாகக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகியிருந்தேன்.

மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். முக்காட்டுக்கு எதிராகப் பேச ஒரு வெள்ளைக்காரருக்குக் கூச்சம் இருந்திருக்கும். நான் பேசியதும் அந்தக் கூச்சம் விலகிப்போனதை அவர்களின் முகத்தில் கண்டேன். கடிதத்துக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்தச் சொன்னபோது ஐந்து கை உயர்ந்தது. எதிரானவர்கள் என்றபோது ஆறு. ஆறில் ஒன்று என்னுடையது.

கையை இறக்கியபோதுதான் அவளைக் கண்டேன். கடைசி வரிசையில், புத்தக அலுமாரியோடு சாய்ந்து நின்றாள். அதே சாம்பல் நிற முக்காடு.

ஓடிப்போய்விடலாம் என்று மேலங்கியை அவசரமாக மாட்டினேன். நடைகூடத்தில் அவளே என்னிடம் வந்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மேடம், வெள்ளிக்கிழமை மகளுக்குக் காதுப் பரிசோதனை இருக்கிறது. நான் எழுதித் தந்த அறிக்கையைக் கொண்டுபோக மறக்கவேண்டாம்."

"மறக்கமாட்டேன்" என்றேன்.

அவள் போகத் திரும்பினாள். பிறகு நின்றாள். "நீங்கள் கழற்றும்போது கஷ்டமாக இருக்கவில்லை என்றீர்கள். நான் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கழற்றிப் பார்த்தேன். அப்படியே கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை. உங்களுக்கு முடிந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் வித்தியாசம், இல்லையா?"

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், உள்ளே சொன்னது பொய் என்று சொல்லியிருக்கலாம். வாக்கு எண்ணி முடிந்துவிட்டது, அது மாறாது. ஆனாலும் தான் மட்டும்தான் இயலாதவள் என்ற நினைப்போடு அவள் அந்தக் கட்டடத்தை விட்டுப் போயிருக்கமாட்டாள். நான் "ஓம்" என்பதுபோலத் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஜூன் மாதத்தோடு அவள் போய்விட்டாள். இந்தச் சட்டம் இல்லாத பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவில் ஏதோ ஊரில் வேலை கிடைத்தது என்று பள்ளிக்கூடக் காரியாலயத்தில் சொன்னார்கள். மகள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. டீச்சர் எங்கே என்று கேட்டபோது, வேறு ஊருக்குப் போய்விட்டா என்றேன். ஏன் போனா என்று அவள் கேட்கவில்லை.

அண்ணைக்கு எப்படியோ செய்தி போனது. அவர் தொலைபேசி எடுத்து ஒன்றே ஒன்று கேட்டார்: "தாலியைக் கழட்டினதைப் பெருமையாச் சொன்னியாம். உண்மையோ?"

"ஓம்" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என்னோடு பேசவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் அந்தச் சட்டத்துக்கு எதிராக நகரத்து நடுவில் நடந்த ஊர்வலமொன்றுக்கு அவர் போனதாக மச்சாள் சொன்னாள். வேட்டியை மடித்து மேலங்கிக்குள் விட்டுக்கொண்டு, திருநீறு பூசி, தலைப்பாகைக்காரருக்கும் முக்காட்டுப் பெண்களுக்கும் நடுவில் நடந்தாராம். பக்கத்தில் வானவில் கொடி பிடித்த இரண்டு இளைஞர்கள் வர, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் வரிசையை விடாமல் நடந்தாராம். அதைக் கேட்டு நான் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பிழையான ஆட்களோடு சேர்ந்து நடந்துகூடத் தான் நம்பியதற்காக நடந்தார். எனக்கு நன்மை செய்த ஒருத்தி பின்வரிசையில் நிற்க, நான் நம்பாத ஒன்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

அண்ணை பேசத் தொடங்கியது மகளின் காதுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்று. ஆசுபத்திரிக்கு வந்து, கோயில் திருநீற்றைப் பிள்ளையின் நெற்றியில் பூசினார். அந்த வாக்கைப் பற்றி நாங்கள் இன்றுவரை கதைக்கவில்லை. இப்போதும் நீலப் பலகை நடுகிறார், கலியாண விஷயத்தில் இப்போதும் "அது வேற" என்கிறார். நானும் இரண்டு தடவை அதே கட்சிக்கு வாக்களித்துவிட்டேன். உழைப்பு, குடும்பம் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்ற வசனத்தை மட்டும் இப்போது என்னால் சட்டென்று சொல்ல முடிவதில்லை. சொல்வதற்கு முன் அது யார்மேல் விழுகிறது என்று பார்க்கிறேன்.

மகள் இப்போது உயர்பாடசாலையில். போன குளிர்காலத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. உன் குடும்பத்தில் ஒருவரின் வாழ்க்கையை ஒரு சட்டம் எப்படித் தொட்டது என்று கேட்டு எழுதவேண்டும். அவள் ஐயாவின் மொழிச் சட்டத்தைப் பற்றிக் கேட்கத்தான் என்னிடம் வந்தாள். மாமா நன்றாகச் சொல்லுவார், அவரிடம் கேள் என்றேன். பிறகு என்ன நினைத்தேனோ, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, "நான் வேற ஒண்டு சொல்லுறன், எழுது" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கழிப்பறை, மோதிரம், நூலகம், ஐந்துக்கு ஆறு. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"மே, அம்மா" என்றாள், 'ஆனால்' என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, "எனக்கு வாசிக்கப் பழக்கினது அவதானே?"

"ஓம்."

"அப்ப நீங்கள் ஏன்?"

நான் யோசித்துத்தான் சொன்னேன். "நான் பட்டதை அவளும் படவேணும் எண்டு நினைச்சன் போல. எனக்கு வலிக்கேல்லை எண்டு நானே நம்பியிருந்தன். அவளுக்கு வலிக்குது எண்டு ஒத்துக்கொண்டா எனக்கும் வலிச்சது எண்டு ஆகிடும்."

அந்த ஆசிரியையைத் தேடிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் முன்பே கேட்டுப் பார்த்தேன், விலாசம் தரமுடியாது என்றார்கள் என்றேன். அவள் கணினியில் பெயரைப் போட்டுத் தேடினாள். அதே பெயரில் எத்தனையோ பெண்கள் வந்தார்கள். ஒருத்தியும் அவளாக இல்லை. ஒருவேளை இருந்து எங்களுக்குத்தான் அடையாளம் தெரியவில்லையோ என்னவோ.

ஒரு வாரம் கழித்துக் கட்டுரையை வாசிக்கத் தந்தாள். இரண்டு பக்கம். என்னைப் பற்றி மோசமாக ஒன்றும் எழுதவில்லை. சமையற்கூட வேலையையும் காலை நான்கு மணி பஸ்ஸையும் அன்போடு எழுதியிருந்தாள். ஓரிடத்தில் மட்டும் என் தாய் "ஒபேயிஸ்ஸான்ட்" என்று எழுதியிருந்தாள். சொன்னதைக் கேட்டு நடக்கிறவள் என்று அர்த்தம். பிள்ளைகள் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நானே அவளுக்கு ஆயிரம் தடவை சொன்ன சொல். அவள் அதைப் பாராட்டாக எழுதினாளா, வேறு விதமாக எழுதினாளா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் வலது காதில் பாட்டுக் கேட்கிற கருவியை மாட்டிக்கொண்டு யன்னலோரம் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. தாளை மடிக்காமல் அவளுடைய பைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.